சந்தனம் பூசிய சிடிகள்

எனக்கு எதையும் சட்டென்று நம்புகிற சுபாவம் கிடையாது. கடையில் தீப்பெட்டி வாங்கினால் ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். குடையை விரித்துப் பார்க்காமல் வாசல்படி தாண்ட மாட்டேன். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி, அவனையும் உரசித்தான் பார்ப்பே" என்று அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில ஆண்டுகள். மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் கீழே சுக்குக் குடோன், மேலே இணையதளம் செய்து கொடுக்கும் எங்கள் கடை. சுக்குத்தூள் மரப்படி ஏறி வந்து கீபோர்டில் எல்லாம் படிந்திருக்கும். புதிதாக வருகிற வாடிக்கையாளர் பேச ஆரம்பிக்கும் முன் தும்ம ஆரம்பிப்பார். முதலாளியை ஊர் முழுக்கச் சேட்டன், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. அவரும் எங்களைப் போல எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே ஊறிப்போன குடும்பம்தான். என் அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். நான் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டிலும் கடையிலும் பேசுவது, மகளை மோளே என்றும் மகனை மோன் என்றும் கூப்பிடுகிற எங்கள் கொச்சித் தமிழ்.

சனிக்கிழமைதோறும் பேக்கப் எடுப்பது என் பொறுப்பு. எங்கள் வாடிக்கையாளர்களின் இணையதளங்கள் குடியிருந்த கம்ப்யூட்டர் எங்கோ கண்காணாத தேசத்தில் இருந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் திரும்பக் கட்டி நிறுத்துவதற்காக, படம், எழுத்து எல்லாவற்றையும் நகலெடுத்து சிடியில் பதிந்து வைப்போம். சேட்டன் அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார். அதை ஓடவிட்டால் சற்று நேரம் முனகிவிட்டுக் கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு வரி காட்டும்: வெற்றிகரமாக முடிந்தது. நான் சிடியின் மேல்பக்கத்தில் மார்க்கரால் விவரம் எழுதி டப்பாவில் போடுவேன்.

"சேட்டா, இதுல ஒன்னையாவது திரும்ப ஏத்திப் பார்த்திருக்கமா?" என்று சேர்ந்த மாதமே கேட்டேன்.

"எதுக்கு?"

"திரும்ப வருமான்னு தெரிய வேண்டாமா?"

"பச்சை வரி வந்துச்சில்லே? பின்னே என்ன?"

"பச்சை வரியை வெச்சு நாக்கை வழிக்கவா?"

சேட்டனுக்குக் கோபம் வந்தால் காது மடல்தான் முதலில் சிவக்கும். "எடுத்து வெச்சதை நோண்டாதே மோளே. ஆள் நல்லா நடமாடும்போதே பாடை கட்டிப் படுக்க வெச்சுப் பார்ப்பாங்களா? அபசகுனம்! போய் வேலையைப் பாரு."

இந்தச் சண்டை எங்களுக்குள் மாதம் ஒருமுறையாவது நடக்கும். ஏற்றிப் பார்ப்பதற்கு உபரியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதை வாங்கித் தரவும் அவருக்கு மனமில்லை. எல்லாச் சண்டையிலும் அவர்தான் ஜெயிப்பார், ஏனென்றால் சம்பளம் கொடுப்பவர் அவர்.

எங்கள் வாடிக்கையாளர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஓர் அக்கா. கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பழைய ஓட்டு வீடு. மாடியறைகளை வெளிநாட்டு விருந்தினருக்கு விட்டு, வேளாவேளைக்குச் சமைத்துப் போடுவார். அவருடைய கணவர் கார்ப்பரேஷன் ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் பழகியவர். அறைகளை விடலாம் என்று தொடங்கியதும், அதற்கு இணையதளம் வேண்டும் என்று எங்கள் கடையில் வந்து நின்றதும் அவர்தான். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இறந்துபோனார், அவரைப் பார்த்ததே இல்லை. அவர் போனபிறகு, எறணாகுளம் பக்கம் தேவராவில் பிளாட் வாங்கியிருந்த மகன் தளத்தைப் புதுசு பண்ணச் சொல்லியிருக்கிறான். எனக்கு முன்னால் வேலையில் இருந்தவர் பழைய பக்கங்களைத் தூக்கிவிட்டு, கடலோரத்தில் மீன்பிடிக்கிற சீனவலையும் சாயங்கால சூரியனுமாகப் பளபளவென்று புதிதாகச் செய்து கொடுத்துவிட்டுப் போனார். அதைத்தான் எனக்குத் தெரியும்.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது, இங்கிலீஷும் ஆகாது. மெயில் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க வருவார். வரும்போது வெறுங்கையோடு வர மாட்டார். அவர் வீட்டு அப்பத்தைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஓரம் சருகு மாதிரி மொரமொரக்கும், நடுவில் விரலை வைத்தால் உள்ளே போகும். ஆனால் சுட்டவரைப் புகழ்ந்தால் முகம் சுருங்கிவிடும்.

"சும்மா சொல்லாதே மோளே. உனக்குப் பசி, அதான் ருசிக்குது. என் கை போயிடுச்சு."

"யாரு சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமா? அந்த மனுஷன் இருக்கும்போ எத்தனை பேர் என் அடுக்களை வாசல்ல வந்து நின்னிருக்காங்க தெரியுமா? கையைக் கூப்புவாங்க, சட்டியை எட்டிப் பார்ப்பாங்க, ஒரு கிழவி என் கையைப் பிடிச்சு முத்தமே கொடுத்துட்டா. இப்ப? ஒருத்தி வரதில்லை. தின்னுட்டுக் கையைக் கழுவிட்டுக் கிளம்பிப் போறாங்க. எல்லாம் அந்த மனுஷன் பேச்சுக்கு வந்த கூட்டம். மேசையில சிரிச்சுப் பேசி அத்தனை பேரையும் வளைச்சு வெச்சிருந்தார். அடுப்புல வெந்தது நான், பேர் வாங்கினது அவர்."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமும் வரும், கண்ணும் கலங்கும். நான் இன்னொரு அப்பம் எடுத்துக்கொள்வேன்.

மகன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "இந்த சீசன் பார்ப்போம். ஆள் வரலேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடும்மா" என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளைதான், அம்மா தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்ற எண்ணம். அக்காவுக்கு அந்த உயரமான பிளாட் என்றாலே மூச்சு முட்டும். ஆனாலும் கை போய்விட்டது என்று ஒருவர் நினைக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எதை வைத்து மறுப்பது? சீசன் டிசம்பரில் களைகட்டும். அதற்கு விருந்தினர் அறை தேடிப் பார்ப்பதும் இடம் கேட்டு எழுதுவதும் அந்தத் தளத்தின் வழியாகத்தான்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. எங்கள் ஊரில் பூஜை வைப்பது என்றால் சும்மா இல்லை. அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதியின் முன் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. சின்ன வயதில் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாட்கள் அவைதான். சேட்டன் கடையிலேயே படம் வைத்து, பூச்சரம் போட்டு, கீபோர்டுகளையும் பேக்கப் சிடி டப்பாவையும் வைப்பார். சிடிகளைப் பூஜையில் வைப்பதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி. நான் அன்று சாயங்காலம் அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டதால், பூஜை செய்ததெல்லாம் அவர் ஒருவரேதான்.

மறுநாள் நவமி. அம்மா பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மோளே, மோன் போன் பண்ணினான். நம்ம சைட்டு காணோமாம். வெள்ளையா இருக்காம். இதுவே ஒரு அறிகுறிம்மா, விட்டுடுங்கிறான்."

பக்கத்து நெட் சென்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. தளத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் கலூரில் இருந்தார். படகு பிடித்து எறணாகுளம் இறங்கி, பஸ் ஏறிப் போனேன். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"உங்க சைட்டுங்க எல்லாம் இருந்த டிஸ்க் அடிச்சுப் போச்சு. அங்கே அவங்க வெச்சிருந்த காப்பியும் சேர்ந்தே போச்சாம். உங்ககிட்ட பேக்கப் இருக்கில்லே?"

"இருக்கு. பூஜையில இருக்கு."

அவருடைய கீபோர்டும் மூலையில் சரஸ்வதி படத்தின் முன்தான் பூ வைத்துக்கொண்டு இருந்தது. "அப்போ நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

வந்த வழியே திரும்பி நேராகச் சேட்டன் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டவுடனே இரண்டு கையையும் ஆட்டினார். "வேண்டா, வேண்டா! எடுக்கப்படாது!"

"அக்காவோட பொழைப்பு சேட்டா! சரஸ்வதியே பார்த்தா, 'எடுத்துட்டுப் போடி கொழந்தே'ன்னு சொல்லும்."

"சரஸ்வதி சொல்லும். நான் சொல்ல மாட்டேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்! அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடைக்குப் போனால், அக்கா எனக்கு முன்னால் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். சேட்டன் கற்பூரம் காட்டினார். வழக்கப்படி அரிசியில் விரலால் எழுத்து எழுதினோம். அவல், பொரி, பழம் பிரசாதம் கொடுத்தார். பிறகு பயபக்தியோடு சிடி டப்பாவை எடுத்து என் கையில் தந்தார். திறந்து பார்த்தவள் "ஐயையோ!" என்று கத்தியே விட்டேன்.

ஒவ்வொரு சிடியின் பளபளக்கிற பக்கத்திலும் கெட்டியாகக் குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சேட்டா இது! எழுத்தெல்லாம் பதிஞ்சிருக்கறதே அந்தப் பக்கம்தானே! அதிலயா பூசுவாங்க?"

"மேல்பக்கம் நீ மார்க்கர்ல எழுதியிருக்கே. அதுமேல சந்தனம் வெச்சா அழிஞ்சுடுமில்லே? அதான் பார்த்துப் பார்த்து இந்தப் பக்கம் வெச்சேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய் வேட்டி முனையால் ஒரு சிடியை அழுத்தித் தேய்க்கப் போனார். பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன்.

அந்தக் கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பல்லாயிரம் ரூபாய்க் கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்க, நானும் சேட்டனும் அக்காவும் வாஷ்பேசினைச் சுற்றி நின்று, தண்ணீர் ஊற்றிச் சந்தனத்தை ஊறவைத்து, பழைய மல்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஒற்றி எடுத்தோம். அக்கா என்னைவிட நன்றாகச் செய்தார், மீன் செதில் எடுத்த கை. சேட்டனுக்குக் காது மடல் சிவந்தே இருந்தது. "நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

கடைசி வாரத்து சிடியைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். கர்கர் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திறந்துகொண்டது! சேட்டன் "தேவி!" என்று கும்பிட்டார். மற்ற வாடிக்கையாளர்களின் தளங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அக்காவின் பெயர் போட்ட ஃபோல்டரைச் சொடுக்கினேன்.

காலி. உள்ளே ஒன்றுமே இல்லை.

அதற்கு முந்தைய வாரம், காலி. அதற்கும் முந்தையது, காலி. மிகப் பழைய சிடிகளைச் சேட்டன் எப்போதோ கழித்துவிட்டிருந்தார், கையில் கிடைத்த மீதியை எல்லாம் போட்டுப் பார்த்தேன். மகன் தளத்தைப் புதுசு பண்ணியபோது பக்கங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சேட்டனின் புரோகிராமுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அது வாராவாரம் ஒழுங்காகப் பழைய இடத்துக்கே போய், காலியாகக் கிடந்த அறையை அப்படியே நகலெடுத்து, வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சையில் எழுதிவிட்டு வந்திருக்கிறது. சந்தனத்தின்மேல் குற்றமே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

நான் சேட்டனைப் பார்த்தேன். சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது எனக்கு. ஆனால் அக்கா நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன்.

"சரி விடு மோளே. பிளாட்டுக்கே போயிடறேன். கையும் போச்சு, இதுவும் போச்சு" என்றார்.

அப்போதுதான் சேட்டன் தலையைச் சொறிந்துகொண்டே ஒன்று சொன்னார். "அக்கா, அவர் என்கிட்ட ஒரு சிடி வாங்கிட்டுப் போவாரே. ஒருநாளும் என்னை நம்பினதில்லை அந்த ஆள். சைட்ல ஏதாச்சும் மாத்தினா உடனே, 'எனக்கு ஒன்னு போட்டுத் தா, வீட்ல இருக்கட்டும்'பார். ஏத்திக் காட்டச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் வாங்குவார். பெரிய தொந்தரவு."

பார்க்காத அந்த மனிதர்மேல் எனக்கு அந்த நிமிஷமே மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது.

"வட்டமா, உறை போட்டு? அது சினிமாப் பாட்டுன்னில்லே நினைச்சேன்! பீரோவுல அவர் சட்டைக்கு அடியில கிடக்கு" என்று அக்கா எழுந்தார். வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் படியிறங்கிப் போய்க் கொண்டுவந்து கொடுத்தார். பாச்சா உருண்டை வாசனையோடு, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

போட்ட உடனே திறந்துகொண்டது. பழைய தளம் பக்கம் பக்கமாகத் திரைக்கு வந்தது. சீனவலை இல்லை, சூரியன் இல்லை. முதல் பக்கத்தில் பெரிதாக ஒரே ஒரு படம். கரி படிந்த அடுக்களை, ஜன்னலிலிருந்து விழும் வெயில், அடுப்பின் முன் முந்தானையைச் செருகிக்கொண்டு அப்பச்சட்டியைச் சுழற்றுகிற ஒரு பெண்ணின் முதுகும் பாதி முகமும்.

"இது... நானா?" அக்கா திரைக்குக் கிட்டே வந்தார். "எப்போ எடுத்தார்? ஐயோ இந்த மனுஷன், தையல் விட்ட ரவிக்கையிலயா எடுக்கணும்! உலகமே பார்த்திருக்குமே!"

"கீழே எழுதியிருக்கு அக்கா."

"என்ன எழுதியிருக்கு?"

பிழையான இங்கிலீஷ்தான். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இந்த வீட்டுச் சமையல் முழுக்க என் மனைவியுடையது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வருபவன் மட்டும்தான். கூச்சக்காரி, வெளியே வர மாட்டாள். அப்பம் பிடித்திருந்தால் என்னைப் புகழ வேண்டாம். கிளம்பும் முன் அடுக்களைக்குப் போய் அவளிடமே சொல்லுங்கள்."

அக்கா திரையிலிருந்த எழுத்துகளை விரலால் தடவினார். சேட்டன் மெதுவாக எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். கீழே குடோனில் சாக்கு இறக்குகிறவர்களின் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை படி" என்றார் அக்கா. படித்தேன்.

"அப்போ அதைப் பார்த்துட்டுத்தான் வந்தாங்களா அடுக்களைக்கு?"

"ஆமாக்கா. இந்தப் பக்கத்தைத் தூக்கினப்புறம்தான் வரதை நிறுத்தியிருக்காங்க. அடுக்களைக்குப் போகணும்னு அவங்களுக்கு யாரு சொல்வா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய் தேஞ்சா போயிடும்? ஊர் உலகத்துக்கெல்லாம் இங்கிலீஷ்ல எழுதி வெப்பாராம், பொண்டாட்டிகிட்ட மட்டும் மூச்சு விட மாட்டாராம்! உப்பு கூடிப்போச்சுன்னா மட்டும் ஓடி வந்து சொல்லத் தெரியுமா?" திட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது. சுக்குத்தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றே மற்ற வாடிக்கையாளர்களின் தளங்களோடு அந்தப் பழைய தளத்தையும் அப்படியே ஏற்றினோம். மகன் போனில், "இது பழைய ஸ்டைலும்மா, வேற புதுசா செஞ்சுக்கலாம்" என்றான். அக்கா, "எனக்கு இது மதி, இதுவே போதும்" என்று வைத்துவிட்டார்.

சேட்டன் மறு வாரமே எனக்கு உபரிக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை, எடுத்த பேக்கப்பை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றித் திறந்து பார்ப்பது எங்கள் கடை வழக்கமானது. அடுத்தடுத்த வருஷங்களில் அஷ்டமிக்கு முதல்நாள், "எல்லாத்தையும் ஏத்திப் பார்த்தியா? சரஸ்வதிக்கு முன்னாடி காலிச் சட்டியைக் கொண்டுபோய் வெக்கப்படாது, கேட்டியா" என்று என்னவோ அவரே கண்டுபிடித்த சாஸ்திரம்போல எனக்கே சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். சந்தனத்தை டப்பாவின் மூடியில் வைக்கப் பழகிக்கொண்டார், அது போதும். அக்காவும் அந்தச் சனிக்கிழமைகளில் தவறாமல் வருவார். தன் முதுகைத் திரையில் பார்த்து, கீழே உள்ளதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இருக்கு" என்பார். அவர் சொன்ன பிறகுதான் நான் டிக் போடுவேன்.

அந்த டிசம்பரில் ஒருநாள் காலை மெயில் விஷயம் சொல்லப் போயிருந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தார், நான் முக்காலியில் உட்கார்ந்து அப்பம் தின்றுகொண்டிருந்தேன். மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கிளம்பும் முன்னாடி உங்ககிட்டயே சொல்லணும்னு உங்க வீட்டுக்காரர் எழுதியிருந்தாராம். அதான் வந்தாங்களாம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கை போகலை, மோளே" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வழியில் சாப்பிட இன்னும் இரண்டு அப்பத்துக்கு மாவை ஊற்றினார்.